திரும்பி நடக்கும் வழி

(நம் பங்கின் பொன்விழா ஆண்டில், முதியோர் ஞாயிறு அன்று திருப்பலிக்குப் பின் நடைபெற்ற பாராட்டுக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டின் நிகழ்ச்சிகளுள் இன்றைய நிகழ்ச்சி நம் உள்ளத்துக்கு மிகவும் நெருக்கமானது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டில், சூலை மாதத்தின் நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார். தேவமாதாவின் பெற்றோரான புனித சுவக்கின், புனித அன்னம்மாள் இவர்களுடைய திருநாள் சூலை 26 அன்று வருவதால், அதையொட்டி இந்நாள் அமைந்தது. ஆகவேதான் எழுபது வயதைக் கடந்த நம் பங்கின் பெரியோர்களையும், மணவாழ்வில் ஐம்பது ஆண்டுகளை நிறைவு செய்த தம்பதியரையும் இன்று பீடத்தின் முன் அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம்.

பொன்னாடை போர்த்துவது எளிது. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போகிறார். அங்கே யாருடன் பேசுவார்? யார் அவரோடு பேசுவார்? அவர் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? அவருக்கு யார் நன்றி சொல்ல வேண்டும்? இந்தக் கேள்விகளைக் கோவிலுக்குள் விட்டுவிட்டுப் போக முடியாது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் இதுவே: பயணம், குடும்பம், நன்றி. மூன்றும் தனித்தனிப் பொருள்கள் போலத் தோன்றும். உற்று நோக்கினால் மூன்றும் ஒரே வழியில் வந்து சேர்வதைக் காணலாம்.

திரும்பி வந்த ஒருவன்

புனித லூக்காஸ் எழுதிய நற்செய்தியின் பதினேழாம் அதிகாரத்தில் வரும் பத்துத் தொழுநோயாளரை நாம் அனைவரும் அறிவோம். நம் ஆண்டவர் யெருசலேமுக்குப் பயணமாகச் செல்கையில், சமாரியாவுக்கும் கலிலேயாவுக்கும் இடைப்பட்ட பகுதியில் அவர்கள் எதிர்ப்பட்டார்கள். தூரத்தில் நின்றே கூவினார்கள். குருக்களிடம் போய்க் காட்டுங்கள் என்று ஆண்டவர் அனுப்பினார். போகும் வழியிலேயே குணமடைந்தார்கள். பத்துப் பேருள் ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். அவனோ சமாரியன்.

இந்தப் பகுதியை வைத்து ஒன்பது பேரையும் நன்றி கெட்டவர்கள் என்று ஏசிவிட்டுப் போவது வழக்கம். ஆனால் அவர்கள் செய்த குற்றம்தான் என்ன? ஆண்டவர் போகச் சொன்ன இடத்துக்குத்தானே போனார்கள்? அதன்பின் எங்கே போயிருப்பார்கள்? எத்தனையோ ஆண்டுகளாகப் பார்க்காத மனைவியிடம், பிள்ளையிடம், தாயிடம் ஓடியிருப்பார்கள். அதில் தவறில்லை. அவர்களும் உள்ளத்தில் மகிழ்ந்திருப்பார்கள். கடவுளைப் புகழ்ந்தும் இருக்கலாம்.

அந்தச் சமாரியனிடம் வேறுபட்டது ஒன்றே ஒன்று. அவன் நடந்த வழியைத் திரும்ப நடந்தான். முன்னால் வீடு இருக்கிறது. பின்னால் தனக்கு நன்மை செய்தவர் இருக்கிறார். வீட்டை நோக்கி வைத்த காலைத் திருப்பி வைத்தான். அந்தச் சில நூறு அடிகள்தாம் நன்றி என்பது.

இதிலே மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அவன் தான் குணமடைந்திருப்பதைக் கண்டான் என்று நற்செய்தியாளர் முதலில் குறிப்பிடுகிறார். அதன் பிறகே திரும்புகிறான். காணாதவன் திரும்ப மாட்டான். நம் தமிழும் இதையே சொல்கிறது. திருவள்ளுவர் பதினோராம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்று பெயரிட்டார். அங்கே நன்றி என்பது நமக்குச் செய்யப்பட்ட நன்மை. அதை அறிவதுதான் நன்றியறிதல். வாயால் சொல்வது பிறகு. முதலில் அறிய வேண்டும்.

நம் மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்குள்ளே நன்றி என்ற சொல்லை நாம் வழங்குவதில்லை. தாய்க்கு மகன் நன்றி சொன்னால், இதென்ன அந்நியர் பேச்சு என்று தாயே கோபித்துக்கொள்வாள். உறவுக்குள் கணக்கு இல்லை என்பது நம் பண்பாடு. அது உயர்ந்த பண்பாடே. ஆனால் சொல் வழங்காத வீட்டில் நன்மையை அறிவதும் சேர்ந்து மறைந்துவிடக் கூடாது அல்லவா? சொல் வேண்டாம், சரி. திரும்பிப் பார்ப்பதும் வேண்டாமா?

கடலோரத்தில் ஒரு சாட்சி

கடந்த மே மாதத்தில் நம் பங்கின் முதியோர்களை அழைத்துக்கொண்டு வேளாங்கண்ணிக்குத் திருப்பயணம் சென்று வந்தோம். முழங்கால் வலி உள்ளவர்கள், கண் மங்கியவர்கள், ஊன்றுகோல் இல்லாமல் நடக்க இயலாதவர்கள் எல்லாரும் வந்தார்கள். இத்தனை வயதில் இத்தனை தூரம் தேவையா என்று சில பிள்ளைகள் நம்மிடம் வந்து கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான விடை அந்த மண்ணிலேயே இருக்கிறது.

1962ஆம் ஆண்டில் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பரால் பசிலிக்காவாக உயர்த்தப்பெற்ற அந்தக் கோவில் எப்படித் தோன்றியது? மரபுவழி வரலாறு மூன்று நிகழ்ச்சிகளைக் கூறும். பால் கொண்டு சென்ற இடையச் சிறுவன், மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவன், அதன் பின் புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள். மக்காவிலிருந்து இலங்கை நோக்கிச் சென்ற கப்பல் வங்கக் கடலில் தத்தளித்தபோது, கரை சேர்ந்தால் அன்னைக்கு ஆலயம் எழுப்புவதாக அவர்கள் நேர்ந்துகொண்டார்கள். கரை சேர்ந்தார்கள். அது செப்டம்பர் 8, அன்னையின் பிறந்த நாள். ஓலைக் கூரை இருந்த இடத்தில் சிற்றாலயம் ஒன்றைக் கட்டினார்கள்.

கதை அத்துடன் முடிந்திருக்கலாம். நேர்ந்தார்கள், நிறைவேற்றினார்கள், கணக்குத் தீர்ந்தது. ஆனால் அவர்கள் அதன்பின் மேற்கொண்ட பயணங்களிலும் அங்கே திரும்பி வந்தார்கள் என்றும், பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்து பீடத்தை அணிசெய்தார்கள் என்றும் அம்மரபு கூறுகிறது. காப்பாற்றப்பட்டவர்கள் பலர் இருக்கலாம். காப்பாற்றப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தவர்களால்தான் அவ்விடம் திருத்தலமாயிற்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று அதே கரையில் ஆழிப்பேரலை எழுந்தது. திருப்பயணிகள் பலர் மாண்டார்கள். ஆகவே கரை சேருவது நம் நேர்ச்சைக்குக் கிடைத்த கூலி என்று நாம் பேசத் துணியக் கூடாது. மாண்டவர்களும் அன்னையை நம்பி வந்தவர்களே. கரை சேர்ந்தவன் தன் தகுதியால் சேரவில்லை என்று அறிவதுதான் நன்றியின் தொடக்கம். நம் பெரியோர்கள் அந்தக் கடற்கரையில் நின்று கைகூப்பியபோது எதையும் கேட்கவில்லை என்பதை நாம் கவனித்தோம். இளையோர் திருப்பயணத்தில் கேட்பவை நிறைய இருக்கும். வேலை, திருமணம், குழந்தை, வீடு. முதியோர் கேட்டு முடித்தவர்கள். அவர்கள் திரும்பிப் பார்த்துச் சொல்ல வந்தவர்கள்.

வெறுங்கையாய் வந்தேன் என்ற தாய்

வயதான காலத்தில் ஊர் திரும்பிய ஒரு தாயைப் பழைய ஏற்பாடு நமக்குக் காட்டுகிறது. அவள் பெயர் நகோமி. பெத்லகேமில் பஞ்சம் வந்தது. கணவனோடும் இரண்டு மகன்களோடும் மோவாபு நாட்டுக்குப் பிழைக்கப் போனாள். பிழைக்கப் போவது என்ன என்பதை நம் பங்கு மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு அந்த வழி தெரியும். போன இடத்தில் கணவன் இறந்தான். மகன்கள் அந்நாட்டுப் பெண்களை மணந்தார்கள். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழிந்தபின் மகன்களும் இறந்தார்கள். பஞ்சம் நீங்கியது என்று கேள்விப்பட்டு அவள் ஊருக்குப் புறப்பட்டாள். மருமகள்கள் இருவரையும் தாய் வீட்டுக்குப் போகச் சொன்னாள். ஆனால் ரூத்து என்னும் மருமகள் போக மறுத்து அவளுடனேயே வந்தாள்.

ஊர்ப் பெண்கள் கூடி, இவள் நகோமிதானோ என்று வியந்தார்கள். அவளோ, என்னை இனிமை என்று பொருள்படும் என் பெயரால் அழைக்காதீர்கள், கசப்பு என்று அழையுங்கள். நிறைவாய்ப் போனேன், ஆண்டவர் என்னை வெறுமையாய்த் திரும்பக் கொண்டுவந்தார் என்று புலம்பினாள்.

அன்பர்களே, அவள் அதைச் சொன்னபோது ரூத்து எங்கே நின்றாள்? பக்கத்திலேயே நின்றாள்! தன் நாட்டை, தன் பெற்றோரை, தன் மறுமணத்தை எல்லாம் விட்டுவிட்டு, அத்தனை தூரம் உடன் நடந்து வந்த மருமகள் பக்கத்தில் நிற்கும்போதே மாமியார், நான் வெறுங்கையாய் வந்தேன் என்கிறாள். நகோமியைக் குறைகூற நாம் யார்? மூன்று பேரைப் புதைத்துவிட்டு வந்தவள் அவள். துயரம் கண்ணை மறைக்கும். இழந்ததை எண்ணிக்கொண்டிருக்கிற கண்ணுக்கு இருப்பது தெரியாது.

நம் வீடுகளிலும் இது நடக்கிறதன்றோ? துபாயில் இருக்கிற மகனின் படம் சுவரில் மாலையோடு இருக்கிற தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அவன் அனுப்பிய போர்வையை வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறோம். காலையில் வெந்நீர் வைத்து, மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்து, மலசலத் துணியை அலசிப் போடுகிற மருமகளைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. எனக்கு யாரிருக்கிறார்கள் என்று அவள் காதில் விழவே சொல்லிவிடுகிறோம். தூரத்தில் இருப்பவன் அன்பு கண்ணுக்குத் தெரிகிறது. அடுக்களையில் இருப்பவள் அன்பு தெரிவதில்லை.

ரூத்து ஆகமம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ரூத்துக்குக் குழந்தை பிறக்கிறது. நகோமி அதை மடியில் ஏந்துகிறாள். அப்போது அதே ஊர்ப் பெண்கள், ஏழு மகன்களைக் காட்டிலும் உன் மருமகள் உனக்கு மேலானவள் என்று அவளுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். காண வேண்டியதை அயலார் காட்ட வேண்டியிருந்தது. அந்தக் குழந்தைதான் ஓபேது. தாவீது அரசரின் தாத்தா. நம் ஆண்டவரின் வழிமுறையில் ஒருவர். மாமியாரை விட்டுப் போகாத ஒரு மருமகளின் கால்நடைப் பயணம் நம் மீட்பின் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

இராமநாதபுரம் தாண்டி ஒரு மணி நேரம்

நம் திருப்பயணத்தில் நடந்த ஒன்றை இங்குச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்ட பெரியவரின் சம்மதத்தோடு, பெயர் குறிப்பிடாமல் சொல்கிறோம்.

வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் வழியில் ஓரியூருக்குச் சென்றோம். புனித அருளானந்தர் 1693ஆம் ஆண்டு பெப்ரவரி 4 அன்று தலை வெட்டுண்டு இரத்தம் சிந்திய இடம் அது. அங்குள்ள செம்மண்ணைச் சிறிது காகிதத்தில் மடித்துக்கொண்டு எல்லாரும் பேருந்தில் ஏறினார்கள். எழுபத்தைந்து வயதுள்ள ஒரு பெரியவர் மட்டும் நம் இருக்கைக்கு அருகே வந்து நின்றார். "சாமி, இராமநாதபுரம் தாண்டினதும் உள்ளே ஒரு மைல்ல என் தம்பி வீடு. பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. நீங்களும் கூட வாங்க" என்றார்.

அவர் பல ஆண்டுகள் குவைத்தில் உழைத்தவர். தம்பி ஊரிலேயே இருந்தவர். தாயார் பக்கவாதத்தில் விழுந்து பதினோரு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தபோது பார்த்துக்கொண்டவர் தம்பியும் தம்பியின் மனைவியும். தாயார் இறந்தபின் ஒரு மனைக்கட்டு காரணமாக மனத்தாங்கல் வந்தது. தம்பி தம் மனைவியின் ஊரோடு போய்விட்டார். அதன்பின் கல்யாணத்துக்கும் இல்லை, துக்கத்துக்கும் இல்லை.

பேருந்தை நிறுத்தச் சொன்னோம். ஓட்டுநருக்கு நேரம் ஆகிவிட்டது. சில தாய்மார்களுக்கும் முணுமுணுப்பு. ஐம்பத்து மூன்று மணிச் செபம் சொல்லிக்கொண்டிருங்கள் என்று கேட்டுக்கொண்டு நாம் இறங்கினோம். ஒரு மைல் தூரத்தை அவர் ஊன்றுகோலோடு நடந்தார். ஆட்டோ வைத்துக்கொள்ளலாமே என்றதற்கு, வேண்டாம் சாமி, நடந்தே போறேன் என்றுவிட்டார்.

தம்பி வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து நின்றார். யாரும் பேசவில்லை. பிறகு பெரியவர், "அம்மாவை நீ பாத்துக்கிட்டே தம்பி. நான் பணம்தான் அனுப்பினேன். நீ தூக்கிச் சுமந்தே. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார். கதவோரம் நின்ற தம்பி மனைவியைப் பார்த்து, "உன்னையுந்தாம்மா" என்றார். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து உள்ளே திரும்பி, "அண்ணன் வந்திருக்காங்க, காப்பி போடு" என்றார்.

அவ்வளவுதான். மனைக்கட்டைப் பற்றி அங்கே பேச்செழவில்லை. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். நன்றி சொன்னால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று உங்களுக்கு வாக்களிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் பொன்விழாக் கொடியேற்றத்துக்கு அந்தத் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தார். அண்ணன் வீட்டில் தங்கினார். வழக்கு ஒருபுறம் இருக்கிறது. உறவு மறுபுறம் நடமாடத் தொடங்கிவிட்டது. நூறு கிலோமீட்டர்களுக்கு மேல் கோவில் கோவிலாகச் சென்ற அந்தத் திருப்பயணத்தில், நடந்து போன அந்த ஒரு மைல்தான் மிகப் பெரிய தூரம் என்று நமக்குத் தோன்றியது.

திரும்ப இயலாதவர்கள் என்ன செய்வது?

இங்கே சிலர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழக்கூடும். நாங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்கள் இறந்துவிட்டார்களே, எங்கே போய்த் தேடுவோம்? பிள்ளைகளோ கடல் கடந்து இருக்கிறார்களே, எப்படித் திரும்புவார்கள்?

நம் தென்கடற்கரைக்கு விசுவாச ஒளி கொண்டுவந்த புனித சவேரியாரைப் பாருங்கள். 1525ஆம் ஆண்டில் பாரீசில் படிப்பதற்காக வீட்டைவிட்டுப் புறப்பட்டவர். நான்கு ஆண்டுகள் கழித்துத் தாயார் இறந்தார். மகன் அருகில் இல்லை. 1541 ஏப்ரல் 7 அன்று, தம் முப்பத்தைந்தாம் பிறந்த நாளில், லிஸ்பனில் கப்பலேறியவர், பதின்மூன்று மாதங்கள் கழித்து 1542 மே 6 அன்று கோவாவில் இறங்கினார். அதன்பின் ஐரோப்பாவை அவர் காணவேயில்லை. 1552 டிசம்பர் 3 அன்று சீன நாட்டுக் கரைக்கு அருகே சான்சியான் தீவில் இறந்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு.

திரும்பிப் போக வழியில்லாத அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? உடன் சபையினர் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்கள் தம் கைப்படப் போட்டிருந்த கையொப்பங்களை வெட்டியெடுத்து, தம் மார்பில் அணிந்துகொண்டார். நம் முத்துக்குளித்துறையிலும் கிழக்குத் தீவுகளிலும் சுற்றித் திரிந்த அந்தக் கால்கள் திரும்ப முடியாத தூரத்தை, அந்தச் சிறு காகிதத் துண்டுகள் நாள்தோறும் திரும்பி நடந்தன.

புனித அருளானந்தரின் தாயாரையும் நினைத்துக்கொள்வோம். மகன் சிறுவனாய் இருந்தபோது கடும் நோயுற்றான். தாய் சவேரியாரிடம் வேண்டிக்கொண்டாள். குணமானதும் நன்றியாக, அரண்மனையில் வளர்ந்த அச்சிறுவன் ஓராண்டு முழுவதும் இயேசு சபையாரின் அங்கியை அணிந்தான். அந்தச் சிறு அங்கி பிற்காலத்தில் அவரை எங்கே கொண்டுவந்தது என்பதை ஓரியூர் மண் சொல்லும். 1687ஆம் ஆண்டில் அலுவல் காரணமாக அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். தாய்நாட்டில் தங்கிவிடலாம், அரசரும் அதையே விரும்பினார். ஆனால் அவர் 1690இல் மறவ நாட்டு மக்களிடம் திரும்பி வந்தார். தாயிடமிருந்து பிரிந்து வந்தாலும், தாய் கற்றுக்கொடுத்த நன்றியிலிருந்து பிரியவில்லை.

நம் காலத்திலும் ஒரு சான்று உண்டு. இந்த முதியோர் நாளை ஏற்படுத்திய திருத்தந்தை பிரான்சிஸ், பிழைப்புத் தேடிக் கப்பலேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய தாத்தாவும், ரோசா என்னும் பாட்டியும், இளைஞராயிருந்த தந்தையும் இத்தாலியிலிருந்து அர்ஜென்டினா செல்ல இளவரசி மபால்டா என்ற கப்பலில் இடம் பதிந்திருந்தார்கள். சொத்தை விற்பது தாமதமானதால் அதில் போக முடியவில்லை. 1927 அக்டோபர் 25 அன்று அக்கப்பல் பிரேசில் கரைக்கு அப்பால் மூழ்கியது; முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். குடும்பம் 1929இல் வேறு கப்பலில் போய்ச் சேர்ந்தது. அந்தத் தாமதத்துக்காகத் தாம் எத்தனை முறை நன்றி செலுத்தியிருக்கிறார் என்பதை அவரே எழுதியிருக்கிறார். பாட்டி தம் பேரப் பிள்ளைகளுக்கு எழுதிவைத்த மடல் ஒன்றை, குருவாகி, ஆயராகி, திருத்தந்தையான பின்னும் தம் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். துன்பம் வரும் நாளில் நற்கருணைப் பேழையையும், சிலுவையடியில் நின்ற அன்னையையும் நோக்குங்கள் என்பது அம்மடலின் சாரம். 2025 ஏப்ரல் 21 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். உலகமெல்லாம் பயணம் செய்த அவர், பாட்டியின் கையெழுத்தை விட்டுப் பயணம் செய்யவில்லை.

ஆகவே திரும்புவதற்குக் கால் வேண்டும் என்பதில்லை; கண் வேண்டும், நினைவு வேண்டும். இறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியை, அவர்கள் பெயரால் ஒப்புக்கொடுக்கும் திருப்பலியாலும், அவர்கள் யாரை நேசித்தார்களோ அவர்களை நேசிப்பதாலும் சொல்லலாம்.

பெரியோர்களுக்கும் பிள்ளைகளுக்கும்

முதலில் பெரியோர்களுக்கு ஒரு சொல். நன்றி சொல்வது சிறியவர்கள் கடமை என்றும், பெரியவர்கள் அதை வாங்கிக்கொள்ள இருப்பவர்கள் என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே உண்டு. ஆனால் நற்செய்தி காட்டும் முதியோரைப் பாருங்கள். ஆலயத்தில் சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்தி, இனிப் போகலாம் என்று இறைவனைப் புகழ்ந்தார். அவருடைய அந்தப் புகழ்ப்பாவைக் குருக்களாகிய நாம் குருமடத்தில் சேர்ந்த நாள் முதல் இரவுச் செபத்தில் சொல்லிவருகிறோம். ஏழே ஆண்டுகள் கணவனோடு வாழ்ந்து, எண்பத்து நான்கு வயதுவரை கைம்பெண்ணாய் இருந்த அன்னா, தன் குறையைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. குழந்தையைப் பற்றி எல்லாரிடமும் பேசினாள். பேரக் குழந்தையைப் பற்றிப் பேசும் பாட்டிகளுக்கு எவ்வளவு நல்ல பாதுகாவலி! முதியவர் வாயிலிருந்து வரும் நன்றிக்கு இருக்கும் வலிமை வேறெதற்கும் இல்லை. நாற்பது வயது மகனைப் பார்த்துத் தந்தை, நீ என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய் என்று ஒருமுறை சொல்லட்டும். அந்த மகன் அதைச் சாகும்வரை மறக்க மாட்டான்.

அடுத்துப் பிள்ளைகளுக்கு. வெளிநாட்டில் இருந்து நீங்கள் அனுப்பும் பணத்தில் இந்த ஊரின் பல வீடுகள் நிற்கின்றன. இந்தக் கோவிலின் மணிக்கூண்டிலும் உங்கள் வியர்வை இருக்கிறது. அதற்குப் பங்கின் சார்பில் நன்றி கூறுகிறோம். ஆனால் பணம் அனுப்பும் வழியும் திரும்பி வரும் வழியும் ஒன்றல்ல. விடுமுறைக்கு வரும்போது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகுமுன் ஒருநாளை ஒதுக்குங்கள். உங்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியை எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று தேடிப் போங்கள். தேர்வுக் கட்டணம் கட்டக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்த அத்தையைப் பார்த்துவிட்டு வாருங்கள். படிப்பை நிறுத்திவிட்டு உங்களைப் படிக்க வைத்த அக்காளைப் பாருங்கள். தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவதும் நல்லதே. இயலாதவர்களுக்கு அதுவும் பெரிய கொடையே. இயன்றவர்கள் நடந்து போங்கள்.

இந்தப் பொன்விழாவின் நினைவாக ஒவ்வொரு வீட்டாரும் மூன்று காரியங்களைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும், நம் வீட்டுக்கு நன்மை செய்த ஐந்து பேரின் பெயர்களை மூத்தவர் சொல்ல, இளையவர் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். இறந்தவர் பெயரும் இருக்கலாம். இரண்டாவது, அவர்களுள் உயிரோடிருக்கும் ஒருவரை இந்த ஆண்டு முடிவதற்குள் நேரில் சென்று காணுங்கள். மூன்றாவது, அந்த ஐவருள் ஒருவராவது நம்மோடு ஒரே கூரையின் கீழ் இருப்பவராக இருக்கட்டும். இந்த மூன்றாவதுதான் கடினமானது. ரூத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வெறுமை என்று சொல்லாதபடி அது நம்மைக் காக்கும்.

பங்கும் திரும்பிப் பார்க்கிறது

பொன்விழா என்பதே ஒரு பங்கு திரும்பி நடப்பதுதான். இந்த ஆலயத்துக்கு அடிக்கல் இட்டபோது தலையில் கல் சுமந்த கைகள் சில இன்று நம் முன்னே நாற்காலியில் அமர்ந்திருக்கின்றன. வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துவைத்து, ஞாயிறு தோறும் கொண்டுவந்து கொட்டிய தாய்மார்கள் சிலர் இருக்கிறார்கள். பலர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். பெயர்ப் பலகையில் அவர்கள் பெயர் இல்லை. பிடியரிசிக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? ஆனால் அந்த அரிசியைச் சோற்றில் குறைத்துக்கொண்டவர்கள் யார் என்பதை ஆண்டவர் அறிவார்.

எம்மாவூசுக்கு நடந்த இரு சீடர்களும் அப்பம் பிட்கையில் ஆண்டவரைக் கண்டுகொண்டதும், பொழுது சாய்ந்துவிட்டதே என்று பாராமல் அந்நேரமே எழுந்து யெருசலேமுக்குத் திரும்பினார்கள். நாமும் ஒவ்வொரு ஞாயிறும் அப்பம் பிட்கும் இப்பீடத்துக்கு வருகிறோம். நற்கருணையைக் குறிக்கத் திருச்சபை தொடக்கமுதல் வழங்கிவரும் கிரேக்கச் சொல்லுக்கு நன்றி செலுத்துதல் என்றே பொருள். பத்துப் பேருள் ஒருவனாக நாம் திரும்பி வருகிற இடம் இது. இங்கே இறைவனுக்குச் செலுத்தும் நன்றி உண்மையானதா என்பது, கோவில் வாசலைக் கடந்தபின் நாம் யார் வீட்டுப் பக்கம் காலைத் திருப்புகிறோம் என்பதில்தான் தெரியும்.

அன்புக்குரிய பெரியோர்களே, உங்கள் வயதை மாலைப் பொழுது என்பார்கள். மாலை என்பது வீடு திரும்பும் நேரம். கடலுக்குப் போனவன் கரைக்குத் திரும்புகிறான்; வயலுக்குப் போனவன் மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறான். வழியில் எதிர்ப்படுகிறவர்களிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் யாரும் போவதில்லை. அந்த நல்ல வார்த்தைகளைச் சொல்லத்தான் இறைவன் இந்த ஆண்டுகளை உங்களுக்குக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். அவற்றைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு போகாதீர்கள், கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

புனித சுவக்கின், புனித அன்னம்மாள் இவர்களுடைய மன்றாட்டாலும், நம் அன்னையின் பரிந்துரையாலும், எல்லாம் வல்ல இறைவன் இப்பங்கின் முதியோர்களுக்கு உடல்நலமும் மனச்சமாதானமும் தந்தருள்வாராக. கடல் கடந்து உழைக்கும் பிள்ளைகளைப் பத்திரமாய்க் கரை சேர்ப்பாராக. பிரிந்திருக்கும் உடன்பிறப்புகளின் வாசல்களைத் திறந்தருள்வாராக. தந்தை, மகன், தூய ஆவியாரின் ஆசீர் உங்கள் அனைவர்மீதும் என்றென்றும் தங்குவதாக. ஆமென்.